கார்களுக்கு நடுவே ஸ்கூட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக ஸ்கூட்டர் ஓட்டக் கற்றவர்களும், பல ஆண்டுகளாக ஓட்டியும் கார்கள் சூழ்ந்துகொண்டால் கை நடுங்குகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. ஸ்கூட்டர் என்று இங்கே சொல்வது, கால் வைக்கத் தளமும் சிறிய சக்கரங்களும் உள்ள, கியர் மாற்றத் தேவையில்லாத வண்டியை. சில பதில்கள் நீளமாக இருக்கும். உயிர் போகும் இடங்களைப் பற்றி இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

எதிரே வந்த கார்க்காரர் என் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே என் குறுக்கே திரும்பினார். இது எப்படி நடக்கிறது?

அவர் உங்கள் பக்கம் பார்த்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் நீங்கள் அவர் மனதில் பதியவில்லை. இருசக்கர வண்டி விபத்துகளில் அடிக்கடி நடப்பது இது. அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை வெளியிட்டது. இன்னொரு வாகனமும் சம்பந்தப்பட்ட விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அந்த வாகனம் வழிவிட வேண்டிய இடத்தில் வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நடந்தவை. அந்த ஓட்டுநர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன பதில், வண்டி வந்ததையே கவனிக்கவில்லை என்பது.

இதற்குக் கண்ணும் மூளையும் வேலை செய்யும் விதம் ஒரு காரணம். சந்திப்பில் நிற்கும் ஓட்டுநர் ‘கார் வருகிறதா, லாரி வருகிறதா’ என்று தேடுகிறார். தேடாத உருவம் கண்ணில் விழுந்தாலும் கவனத்தில் ஏறுவதில்லை. தலையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வேகமாகத் திருப்பும்போது கண்கள் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவிப் போகின்றன. ஒரு தாவலுக்கும் அடுத்த தாவலுக்கும் நடுவே அகப்பட்ட சிறிய உருவம் தப்பிவிடுகிறது. காரின் முன்கண்ணாடி ஓரத்தில் நிற்கும் தூண் வேறு இருக்கிறது. ஸ்கூட்டரையும் அதை ஓட்டுபவரையும் முழுதாக மறைக்க அந்தத் தூணின் அகலம் போதும்.

இன்னொன்று உண்டு. இதைப் பலரும் யோசிப்பதில்லை. சிறிய உருவம் அதே தூரத்தில், அதே வேகத்தில் வந்தாலும், பெரிய உருவத்தைவிடத் தாமதமாக வந்து சேரும் என்று நம் மூளை கணக்குப் போடுகிறது. அதாவது, உங்களை நன்றாகப் பார்த்துவிட்ட ஓட்டுநர்கூட ‘இன்னும் நேரம் இருக்கிறது, திரும்பிவிடலாம்’ என்று தப்பாக முடிவெடுப்பார். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆகவே, கண்ணோடு கண் பார்த்துவிட்டோம் என்பதை உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்படியானால் அவர்கள் கவனத்தில் விழ நான் என்ன செய்யலாம்?

பகலிலும் முகப்பு விளக்கு எரியட்டும். மேல்சட்டையும் ஹெல்மெட்டும் வெளிர் நிறமாகவோ பளிச்சென்ற நிறமாகவோ இருப்பது நல்லது. ஹெல்மெட் உயரத்தில் இருப்பதால் மற்ற கார்களின் கூரைக்கு மேலே தெரியும் ஒரே பொருள் பல நேரங்களில் அதுதான்.

நேராக வரும் சிறிய உருவம், பின்னணியில் ஒட்டிய புள்ளி போல அசையாமல் தெரியும். மிக அருகில் வந்த பிறகுதான் திடீரென்று பெரிதாகும். எனவே எதிரே ஒரு கார் திரும்பக் காத்திருக்கிறது என்று தெரிந்தால், உங்கள் தடத்துக்குள்ளேயே மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்து, மறுபடி பழைய இடத்துக்கு வாருங்கள். பக்கவாட்டு அசைவைக் கண் உடனே பிடிக்கும். ஆபத்தான வளைவு நெளிவு எதுவும் தேவையில்லை. ஓர் அடி, இரண்டடி போதும். நகரும் முன் பின்னால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் அவர் குறுக்கே வருவார் என்றே எண்ணி ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி, விரல்களைப் பிரேக் மேல் வைத்திருங்கள். ஹர்ட் குழு கண்ட இன்னொரு விஷயம்: ஆபத்து தென்பட்ட கணத்திலிருந்து மோதும் வரை வண்டி ஓட்டியவருக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு விநாடிக்கும் குறைவு. பிரேக்கைத் தேடி விரலை நகர்த்துவதிலேயே அதில் ஒரு பங்கு கரைந்துவிடும்.

சாலையில் எந்த இடத்தில் ஓட்ட வேண்டும்? ஓரமாகப் போவதுதானே பாதுகாப்பு?

இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அன்பானவர்கள் எல்லோரும் ‘ஓரமாகப் போ’ என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள்.

சாலையின் விளிம்பில் மணலும் கண்ணாடித் துண்டும் ஒதுங்கிக் கிடக்கும். சாக்கடை மூடிகள் அங்கேதான் இருக்கும். நடந்து போகிறவர் காலை இறக்குவதும், நிறுத்திய காரின் கதவு திறப்பதும், பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு வண்டி மூக்கை நீட்டுவதும் அங்கேதான். எல்லாவற்றையும்விட, நீங்கள் விளிம்பை ஒட்டிப் போனால் பின்னால் வரும் கார்க்காரருக்கு அந்தத் தடம் காலியாகத் தெரிகிறது. நகராமலே உங்களைத் தாண்டிவிடலாம் என்று நினைக்கிறார். கைப்பிடியை உரசிக்கொண்டு கார் போவது அப்படித்தான். ஒதுங்க நினைத்தால் உங்களுக்கு ஒரு பக்கம் கார், மறுபக்கம் விளிம்புக்கல்.

ஒரு தடத்தை மூன்று பட்டைகளாக எண்ணிக்கொள்ளுங்கள்: கார்களின் ஒரு பக்கச் சக்கரங்கள் ஓடும் பட்டை, மறுபக்கச் சக்கரங்கள் ஓடும் பட்டை, இரண்டுக்கும் நடுவே உள்ள பட்டை. கார்களோடு ஏறத்தாழ அதே வேகத்தில் போகும்போது, சாலையின் நடுக்கோட்டுப் பக்கம் இருக்கும் சக்கரப் பட்டை உங்களுக்கு நல்ல இடம். முன்னால் போகும் காரின் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் நீங்கள் தெரிவீர்கள். எதிரே வருபவருக்கும் தெரிவீர்கள். ஓரத்திலிருந்து எது வந்தாலும் சமாளிக்க இடம் இருக்கும். நடுப்பட்டையில், முக்கியமாகச் சிக்னல் அருகே, வண்டிகளிலிருந்து சொட்டிய எண்ணெய் படிந்திருக்கும்.

இந்த இடம் நிலையானதும் அல்ல. எதிரே பெரிய லாரி வந்தால் ஓரப் பக்கம் நகர்கிறீர்கள். ஓரத்தில் நிறுத்திய கார்கள் வரிசை வந்தால் நடுவே நகர்கிறீர்கள். கார்களின் வேகத்துக்கு உங்கள் வண்டி ஈடுகொடுக்க முடியாத ஏற்றத்தில் ஓரமாக வந்து அவர்களைப் போகவிடுகிறீர்கள். பத்து விநாடிக்கு ஒருமுறை ‘இப்போது எனக்கு எது பெரிய ஆபத்து, அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறேன்’ என்று கேட்டுக்கொள்வதுதான் வழி. இரண்டு பக்கமும் ஆபத்து என்றால் வேகத்தைக் குறையுங்கள்.

ஓரத்தை விட்டுத் தள்ளிப் போனால் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறார்களே?

ஹாரன் அடிக்கிறவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று பொருள். பதற்றப்பட்டு உடனே விளிம்புக்கு ஓடாதீர்கள். திடீர் நகர்வில்தான் விழுகிறார்கள். பாதுகாப்பான இடைவெளி வந்ததும் இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கி வழிவிடுங்கள். அவரோடு போட்டி போடுவதில் உங்களுக்குக் கிடைப்பது எதுவுமில்லை. பெரிய வண்டியின் ஓட்டுநர் கோபமாக இருக்கிறார் என்று தோன்றினால், ஓரமாக நிறுத்தி அவரைப் போகவிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

நிறுத்தி வைத்திருக்கும் கார்களிடம் என்ன ஆபத்து?

கதவு. திறந்த கதவு ஒரு மீட்டர் அளவுக்கு வெளியே நீளும். கதவின் விளிம்பில் மோதினாலே காயம்தான்; அதைவிடக் கொடுமை, கைப்பிடியின் நுனி கதவில் தட்டி வண்டி திரும்பி, ஓடும் வண்டிகளின் பாதையில் நீங்கள் விழுவது.

எனக்கு அது நடக்க இருந்தது. மழை நின்ற ஒரு மாலையில், நின்றிருந்த கார்களை ஒட்டினாற்போல் போய்க்கொண்டிருந்தேன். ஒரு காரின் பின்கதவு திறந்து ஒரு சிறுவனின் கால் வெளியே வந்தது. நான் மெதுவாகப் போனதால் அரையடிக்கு முன்னால் நிற்க முடிந்தது. அந்தப் பையனின் பயந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. தவறு யாருடையது என்று அவன் அம்மா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கதவு எட்டும் தூரத்தில் நான் ஓட்டியிருக்கவே கூடாது.

அன்று முதல் ஒரு கதவின் அகலமும் அதற்கு மேல் கொஞ்சமும் தள்ளியே போகிறேன். தள்ளிப் போக இடமில்லாத தெருவில், நடக்கும் வேகத்துக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். இப்போதுதான் நின்ற கார், உள்ளே தலை தெரியும் கார், பிரேக் விளக்கு அணையும் கார், வாடகைக் கார் ஆகியவற்றில் எந்தக் கணமும் கதவு திறக்கலாம்.

முன்னால் போகும் காருக்கும் எனக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும்?

தூரத்தை அடியில் அளக்க முடியாது, நேரத்தில் அளங்கள். முன்னால் போகும் கார் ஒரு கம்பத்தைத் தாண்டும்போது எண்ணத் தொடங்குங்கள். நீங்கள் அந்தக் கம்பத்தை அடைய குறைந்தது இரண்டு விநாடி ஆக வேண்டும். மழையில் நான்கு. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு 11 மீட்டர் போகிறீர்கள் என்பதை நினைவில் வைத்தால், இரண்டு விநாடி பெரிய ஆடம்பரமாகத் தோன்றாது.

வேகம் கூடும்போது நிற்கும் தூரம் அதே விகிதத்தில் கூடுவதில்லை. பிரேக் பிடித்து நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. காய்ந்த சாலை, நல்ல டயர், ஒரு விநாடியில் பிரேக் பிடித்துவிடும் கவனமான ஓட்டுநர் என்று வைத்துக்கொள்வோம். 40 கி.மீ. வேகத்தில் அவர் நிற்கச் சுமார் 21 மீட்டர் ஆகும். 60 கி.மீ. வேகத்தில் சுமார் 40 மீட்டர். இதே கணக்கை இன்னொரு விதமாகப் போட்டபோது நான் திடுக்கிட்டேன்: 40-இல் வந்தவர் முழுதாக நின்றுவிட்ட அந்த இடத்தில், 60-இல் வந்தவர் இன்னும் 50-க்கு மேற்பட்ட வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். அவர் பிரேக் பிடிக்கத் தொடங்கியே சில மீட்டர்தான் ஆகியிருக்கும்.

இடைவெளி விட்டால் இன்னொரு வண்டி வந்து நுழைந்துவிடுகிறதே என்பார்கள். நுழையட்டும். மறுபடி கொஞ்சம் பின்தங்குங்கள். ஒரு பயணம் முழுக்க இப்படி விட்டுக்கொடுத்தாலும் இழப்பது சில நிமிடம்.

முன்னால் போவது வேன் போன்ற உயரமான வண்டி என்றால் இடைவெளியை இன்னும் கூட்டுங்கள். அது மறைப்பது உங்கள் பார்வையை மட்டும் அல்ல. எதிரே திரும்பக் காத்திருக்கும் காருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். வேன் போனதும் சாலை காலி என்று திரும்பிவிடுவார்.

முன் பிரேக் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்கிறார்களே?

இந்தப் பயத்தால் விழுந்தவர்கள் அதிகம். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. முன்சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்கிறது, பின்சக்கரம் லேசாகிறது. ஆகவே நிறுத்தும் வலிமையில் பெரும்பங்கு முன் பிரேக்கிடம்தான் உள்ளது. பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவருக்கு நிற்கும் தூரம் மிக நீளும். அழுத்திப் பிடித்தால் லேசான பின்சக்கரம் சுழல்வதை நிறுத்தி வழுக்கி, வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும்.

ஆபத்து முன் பிரேக்கில் இல்லை, அதை வெடுக்கென்று இழுப்பதில் இருக்கிறது. எடை முன்சக்கரத்தில் வந்து உட்காரும் முன்பே பிடியை முழுதாக இழுத்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஈரத்துணியைப் பிழிவதுபோல் பிடியுங்கள்: முதலில் மெல்ல, எடை முன்னால் வந்ததும் மேலும் மேலும் அழுத்தமாக. இரண்டு பிரேக்கும் சேர்ந்தே, வண்டி நேராக இருக்கும்போது. வளைவில் சாய்ந்திருக்கும்போதும் கைப்பிடி திரும்பியிருக்கும்போதும் முன் பிரேக்கை அழுத்தினால் வண்டி காலடியிலிருந்து நழுவும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். மணல், சரளைக்கல் மீதும் இதே எச்சரிக்கை.

இதைக் காலியான ஓர் இடத்தில் பழகாமல் யாரும் கார்களுக்கு நடுவே போகக்கூடாது என்பது என் கருத்து. 20 கி.மீ. வேகத்தில் தொடங்கி, ஒரு கோட்டில் நிற்கப் பழகுங்கள். பிறகு 30, பிறகு 40. மாதம் ஒருமுறை மறுபடி செய்யுங்கள். அவசரத்தில் யோசிக்க நேரம் கிடைக்காது. கை பழகியதைத்தான் செய்யும்.

ஏ.பி.எஸ். இருந்தால் கவலை இல்லையா?

ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. புதிய வண்டி வாங்குகிறவர் அது உள்ளதையே வாங்குங்கள் என்பேன். பல ஸ்கூட்டர்களில் இருப்பது வேறொன்று: ஒரு பிடியை இழுத்தால் இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் பகிர்ந்து போகும் கூட்டு பிரேக். அதுவும் நல்லதுதான், ஆனால் அது மட்டும் சக்கரம் பூட்டுவதைத் தடுக்காது. உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு கார் திரும்பப் போகிறது என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்?

இண்டிகேட்டர் எரிந்தால் திரும்பலாம், எரியாவிட்டாலும் திரும்பலாம். முன்சக்கரத்தைப் பாருங்கள். காரின் உடல் நகர்வது கண்ணுக்குப் புலப்படும் முன்பே சக்கரம் உருளத் தொடங்குவது தெரிந்துவிடும். நின்றிருக்கும் காரின் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதும் ஒரு செய்தி. பக்கத்துத் தடத்தில் போகும் ஓட்டுநரின் தலை கண்ணாடிப் பக்கம் திரும்புவது, காரின் வேகம் காரணமில்லாமல் குறைவது, கார் மெல்லத் தடத்தின் விளிம்புக்கு ஒதுங்குவது எல்லாம் இண்டிகேட்டருக்கு முன்னால் வரும் அறிகுறிகள். பக்கத்துத் தடம் வேகமாக ஓடி, உங்கள் முன்னால் காலியிடம் இருந்தால், யாராவது அங்கே வரத்தான் போகிறார்கள்.

காரின் பின்கதவுக்கு அருகே நிலைத்து ஓட்டாதீர்கள். அங்கே அவருடைய கண்ணாடியில் நீங்கள் இல்லை. அந்தக் காரின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால், அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. தாண்டிப் போங்கள், அல்லது பின்தங்குங்கள்.

உங்கள் இண்டிகேட்டரைப் பற்றியும் ஒரு சொல். திரும்பி முடித்ததும் காரில் அது தானே அணையும். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் அணையாது. மறந்துபோய் எரியவிட்டு நேராகப் போனால், நீங்கள் திரும்பப் போகிறீர்கள் என்று நம்பி ஒரு கார் உங்கள் முன்னால் வரும். அந்த விபத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

சிக்னலில் நிற்கும்போது பின்னாலிருந்து மோதிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். முன்னால் நிற்கும் காரின் பின்சக்கரம் தரையைத் தொடும் இடம் உங்களுக்குத் தெரியும் அளவுக்குத் தள்ளி நில்லுங்கள். அப்போதுதான் வண்டியைத் திருப்பி ஒதுங்க இடம் இருக்கும். நேர் பின்னால் நிற்காமல் சற்று ஒரு பக்கமாக நில்லுங்கள். பின்னால் ஒரு வண்டி வந்து நிற்கும் வரை கண்ணாடியில் கண் இருக்கட்டும். பிரேக்கை அழுத்தியும் விட்டும் பின்விளக்கை மினுங்க விடுங்கள். எஞ்சினை அணைப்பது அதற்குப் பிறகுதான்.

பச்சை விழுந்ததும் முதல் ஆளாகப் பாயாதீர்கள். சிவப்பைத் தாண்டி வருகிறவர் அந்த முதல் இரண்டு விநாடியில்தான் வருவார். இரு பக்கமும் பார்த்துவிட்டு நகருங்கள்.

நெரிசலில் கார்களுக்கு இடையே புகுந்து போகலாமா?

சில நாடுகளில் இதற்கு அனுமதி உண்டு, சிலவற்றில் குற்றம். முதலில் உங்கள் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அனுமதி இருந்தாலும், கார்கள் நிற்கும்போதோ ஊர்ந்து போகும்போதோ மட்டும், அவற்றைவிடச் சற்றே கூடுதலான வேகத்தில் போங்கள். வேக வித்தியாசம் கூடினால், கதவு திறந்தாலும் ஒரு கார் தடம் மாறினாலும் நிற்க முடியாது. கார்களுக்கு இடையே திடீரென்று ஓர் இடைவெளி தெரிந்தால் சந்தேகப்படுங்கள்: யாருக்கோ வழிவிட்டிருக்கிறார்கள். அந்த இடைவெளியில் நடந்து வருகிறவரும் குறுக்கே திரும்பும் வண்டியும் உங்களை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

என் சொந்த முடிவைச் சொல்கிறேன்: பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது நான் புகுவதில்லை. லாரிக்கும் பஸ்ஸுக்கும் பக்கத்தில் எப்போதும் புகுவதில்லை.

லாரி, பஸ் அருகே ஏன் இவ்வளவு பயம்?

பெரிய வண்டி திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன வழியில் போவதில்லை. வளைவின் உட்பக்கமாகக் குறுக்கே வெட்டுகின்றன. லாரி திரும்பும் பக்கத்தில், அதற்கும் விளிம்புக்கல்லுக்கும் இடையே ஸ்கூட்டர் நின்றிருந்தால், லாரியின் முன்பகுதி உங்களைத் தொடாமல் கடந்துவிடும். பின்பகுதி உங்கள் மேல் சாய்ந்துவரும். வெளியேற வழி இருக்காது. நீளமான வண்டி திரும்பும் முன் எதிர்ப்பக்கம் அகலமாகப் போகும்; அதைப் பார்த்து ‘வழிவிடுகிறார்’ என்று உள்ளே நுழைந்தவர்களில் பலர் உயிரோடு திரும்பவில்லை.

ஓட்டுநரின் உயரத்திலிருந்து, அவருடைய வண்டியின் நேர் முன்னால் ஒட்டி நிற்கும் ஸ்கூட்டரும் தெரியாது. சிக்னலில் லாரியின் மூக்கருகே போய் நிற்காதீர்கள். வேகமான சாலையில் பெரிய வண்டியைத் தாண்டும்போது, அது மறைத்த காற்று திடீரென்று உங்களை அடிக்கும். கையைத் தளர்வாகவும் உறுதியாகவும் வைத்திருங்கள்.

மோட்டார் சைக்கிளைவிட ஸ்கூட்டர் குழிகளில் அதிகம் தடுமாறுவது ஏன்?

சக்கரத்தின் அளவு. மோட்டார் சைக்கிளில் 17, 18 அங்குலச் சக்கரம் வழக்கம். ஸ்கூட்டரில் 10 அல்லது 12. 1946-இல் இத்தாலியில் வந்த முதல் வெஸ்பாவுக்கு 8 அங்குலச் சக்கரம்தான். அதை வடிவமைத்த கொராதீனோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். எளிதாக ஏறி உட்காரவும், டயரைச் சுலபமாகக் கழற்றி மாற்றவும் முடிய வேண்டும் என்று யோசித்தவர். அந்த வசதிகள் இன்றும் நமக்குக் கிடைக்கின்றன, கூடவே சிறிய சக்கரத்தின் குறையும். பெரிய சக்கரம் மேலே உருண்டு கடந்துவிடும் குழிக்குள் சிறிய சக்கரம் இறங்கிவிடுகிறது.

குழியைக் கண்டால் அதையே உற்றுப் பார்க்காதீர்கள். எங்கே பார்க்கிறோமோ அங்கேதான் வண்டி போகும். குழியின் பக்கத்தில் உள்ள நல்ல சாலையைப் பாருங்கள். தவிர்க்கவே முடியாவிட்டால், குழிக்கு முன்பே பிரேக் பிடித்து, உள்ளே இறங்கும் கணத்தில் விட்டுவிடுங்கள். பிரேக் பிடித்தபடி இறங்கினால் முன்பகுதி ஏற்கெனவே அமுங்கியிருக்கும். அடியைத் தாங்க அதற்கு மிச்சம் இருக்காது. காரின் பின்னால் ஒட்டிப் போகிறவருக்குக் குழி தெரிவதே இல்லை என்பதும் இடைவெளி விடுவதற்கு இன்னொரு காரணம்.

டயரில் காற்று வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாகும் முன் பாருங்கள். தரையோடு உங்களை இணைப்பது இரண்டு உள்ளங்கை அளவு ரப்பர்தான்.

மழையில்?

மழை தொடங்கிய முதல் சில நிமிடங்கள் மிக மோசமானவை. சாலையில் படிந்த தூசியும் எண்ணெயும் நீரோடு கலந்து வழவழப்பாகும். முடிந்தால் அந்த நேரம் ஒதுங்கி நில்லுங்கள். சாலையில் பூசிய வெள்ளைக் கோடுகள், இரும்பு மூடிகள், பாலத்தின் இரும்பு இணைப்புகள், தண்டவாளம் ஆகிய எல்லாம் ஈரத்தில் சோப்பு போல. அவற்றின் மேல் போகும்போது வண்டி நேராக இருக்கட்டும், பிரேக்கும் முறுக்கலும் வேண்டாம். தண்டவாளத்தைச் செங்குத்துக்கு நெருக்கமான கோணத்தில் கடந்து போங்கள். முன்னால் போன கார் நீரைத் தள்ளிவிட்ட சக்கரத் தடத்தில் போவது நல்லது. தேங்கிய நீருக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அதில் இறங்காதீர்கள்.

இரவிலும், வெயில் சாயும் நேரத்திலும் எதைக் கவனிக்க வேண்டும்?

இரவில் உங்கள் ஒற்றை விளக்கு, பின்னால் வரும் காரின் இரண்டு விளக்குகளோடு கலந்துவிடும். ஹெல்மெட்டின் பின்புறத்திலும் வண்டியின் பக்கங்களிலும் ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டை ஒட்டுங்கள். எதிரே வரும் விளக்கு கண்ணைக் கூசினால் சாலையின் உங்கள் பக்க விளிம்பைப் பார்த்து ஓட்டி வேகத்தைக் குறையுங்கள். விளக்கு வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம்தான் இரவின் வேகம். கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடியை மாற்றுங்கள். பகலில் தெரியாத கீறல் இரவில் ஒவ்வொரு விளக்கையும் சிதறடிக்கும்.

சூரியன் தாழ்ந்திருக்கும்போது உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்களுக்கு முன்னால் நீளமாக விழுந்தால் உங்களுக்குச் சாலை அழகாகத் தெரியும். எதிரே வருபவரின் கண்ணில் முழு வெயில். அவருக்கு நீங்கள் இல்லை என்றே கொள்ளுங்கள்.

பக்கத்தில்தானே போகிறேன், ஹெல்மெட் வேண்டுமா?

வேண்டும். ஹர்ட் ஆய்விலேயே பெரும்பாலான விபத்துகள் சிறு வேலைகளுக்கான குறுகிய பயணங்களில், கிளம்பிய இடத்துக்கு அருகில் நடந்தவை. பாதி விபத்துகளில், ஆபத்து தென்பட்டபோது வண்டியின் வேகம் 48 கி.மீ.க்கும் குறைவு. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2008-ஆம் ஆண்டு மதிப்பாய்வு, ஹெல்மெட் இறப்பு அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது என்று கண்டது.

ஹெல்மெட்டின் வரலாற்றில் ஒரு துயரம் உண்டு. ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று உலகம் அறிந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி.இ. லாரன்ஸ் 1935-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவரைக் காப்பாற்ற முயன்ற மருத்துவர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை மருத்துவரும் ஒருவர். பிறகு அவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941-இல் ஹெல்மெட்டின் அவசியத்தை மருத்துவ இதழில் எழுதினார். பிரிட்டிஷ் ராணுவ மோட்டார் சைக்கிள் வீரர்கள் ஹெல்மெட் அணியத் தொடங்கியதில் அவருக்குப் பங்கு உண்டு.

முகத்தை முழுதாக மூடும் ஹெல்மெட்டையே நான் பரிந்துரைக்கிறேன். விழும்போது தாடையும் தரையைத் தேடிப் போகிறது. போட்டபின் தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக்கூடாது. வார் பூட்டாத ஹெல்மெட் மோதலின்போது தலையில் இருக்காது. உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கித்தான் அடியை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கியது மறுபடி காப்பாற்றாது. ஆகவே விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறலே இல்லாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். கையுறையும் மூடிய காலணியும் வேண்டும். விழுகிறவர் யாராக இருந்தாலும் கையைத்தான் முதலில் ஊன்றுவார்.

பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் என்ன மாறுகிறது?

நிற்கும் தூரம், திரும்பும் விதம், கிளம்பும் வேகம் எல்லாமே. ஸ்கூட்டரின் எஞ்சின் எடை ஏற்கெனவே பின்னால் இருக்கிறது. பின்னால் இன்னொருவர் ஏறினால் முன்சக்கரம் லேசாகிக் கைப்பிடி மிதப்பதுபோல் தோன்றும். டயர் காற்றைக் கையேடு சொல்லும் அளவுக்குக் கூட்டுங்கள். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். கால் மிதியை எட்டாத குழந்தையைப் பின்னால் உட்கார வைக்காதீர்கள். முன்னால் தளத்தில் நிற்க வைப்பதும் வேண்டாம். மோதினால் கைப்பிடிக்கும் உங்கள் உடலுக்கும் நடுவே அகப்படுவது அந்தக் குழந்தை. தொங்கும் துணியைச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். பின்சக்கரம் அதைச் சுற்றிக்கொண்டால் கழுத்தையே இழுத்துவிடும். கைப்பிடியில் பை மாட்டாதீர்கள்.

கைபேசியில் வழி பார்த்துக்கொண்டு ஓட்டலாமா?

காதால் கேளுங்கள், அதுவும் ஒரு காதில், மெல்லிய ஒலியில், உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதித்தால். திரையைப் பார்க்க வேண்டுமென்றால் நிறுத்துங்கள். 50 கி.மீ. வேகத்தில் இரண்டு விநாடி கீழே பார்த்தால் 28 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

மின் ஸ்கூட்டருக்கு ஏதாவது தனியாக உண்டா?

இரண்டு. சத்தம் இல்லாததால் நடப்பவர்கள் நீங்கள் வருவதை உணர மாட்டார்கள். முறுக்கிய உடனே பாய்வதால், நின்ற இடத்தில் கைப்பிடியைத் தெரியாமல் முறுக்கிவிடும் ஆபத்து உண்டு. நின்றதும் பிரேக்கைப் பிடித்தே இருங்கள், இறங்கும் முன் அணைத்துவிடுங்கள்.

இதையெல்லாம் படித்ததும் இன்னும் பயம் கூடிவிட்டது. எப்படித் தொடங்குவது?

முதலில் காலியான இடத்தில் பிரேக்கும், நடக்கும் வேகத்தில் விழாமல் திரும்புவதும். மெதுவாகப் போகும்போது பின் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரையும் லேசாகக் கொடுத்தால் வண்டி தள்ளாடாது. அடுத்து, விடுமுறை நாளின் அதிகாலையில், நீங்கள் தினமும் போக வேண்டிய அதே வழியில் ஓட்டிப் பாருங்கள். எந்தச் சந்திப்பில் பார்வை மறைகிறது, எங்கே குழி இருக்கிறது, எங்கே பஸ் ஒதுங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் கூடுதலானாலும் அமைதியான மாற்று வழி இருந்தால் அதையே பழகுங்கள். பிறகு நெரிசல் நேரத்துக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ கிளம்புங்கள்.

காரில் இன்னொருவர் ஓட்டும்போது முன்னால் உட்கார்ந்து போகும் வாய்ப்பு கிடைத்தால், ஒருமுறை ஸ்கூட்டர்களை மட்டும் தேடிக்கொண்டே போங்கள். தூண் எப்போது மறைக்கிறது, கண்ணாடியிலிருந்து எந்தக் கணத்தில் மறைந்துபோகிறார்கள், மழையில் எவ்வளவு மங்கலாகத் தெரிகிறார்கள் என்று பாருங்கள். மறுநாள் ஸ்கூட்டரில் ஏறும்போது எங்கே ஓட்டக்கூடாது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.